எட்டாவது ஓட்டை

"எட்டு கேமரா, எட்டு ஓட்டை. கணக்கு முடிஞ்சுதா இல்லையா?" என்றார் வாஷர்காரர்.

கேமராக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேஜைமேல் இருந்த இரண்டு இரும்புப் பெட்டிகளையும் அருகருகே நகர்த்தி வைத்தார். ஒன்று செங்கல் அளவு. மற்றது அதைவிட ஒரு கை அகலம். இரண்டின் முகத்திலும் ஒரே மாதிரி எட்டு சதுர ஓட்டை. டிவிப் பக்கம் போகிற வயருக்கென்று ஓரத்தில் தனியாக ஒன்று.

"ஓட்டையைப் பாக்காதீங்க பெரியவரே. இந்தப் பெட்டிதான் கேமராவுக்குக் கரண்ட்டும் கொடுக்குது, அதுகிட்டேருந்து படத்தையும் வாங்குது. எல்லாம் ஒரே வயர்ல. இதுக்குப் பேரு சுவிட்ச்."

"சுவிட்ச்னா அமுக்குற குமிழ் எங்க?"

"இது அந்த சுவிட்ச் இல்லீங்க. நெட்வொர்க் சுவிட்ச்."

"பேரே பொய். மேல சொல்லு."

"சின்னது மொத்தமா அறுபது வாட் தரும். பெருசு நூத்தி இருபது. உங்க கேமரா எட்டும் சேர்ந்து எவ்வளவு இழுக்கும்னு பாத்துதான்..."

"எட்டு ஓட்டை போட்டவன் எட்டுக்கும் கொடுக்க மாட்டானா? அழகுக்கா ஓட்டை போட்டான்?"

"கொடுப்பான். ஆனா இருட்டினதும் கேமராவுக்குள்ள..."

"இருட்டினா என்ன, விடிஞ்சா என்ன. பெருசை என் தலையில கட்டப் பாக்குற தம்பி நீ."

அவரைத் தெருவே வாஷர்காரர் என்றுதான் கூப்பிடும். எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "வாஷர் போயிருக்கும்" என்பார். குழாய் வேலையிலேயே கிழடு தட்டியவர். கடைக்காரனை ஏன் நம்பக்கூடாது என்று மற்றவர்களுக்குக் காரணம் தெரியாது, இவருக்குத் தெரியும். சின்ன மோட்டாரே தாராளமாகத் தண்ணீர் ஏற்றும் வீட்டுக்காரனிடம், பக்கத்தில் நின்று "பெருசா வாங்கிடுங்க, பின்னாடி கஷ்டப்படாதீங்க" என்று சொல்லி, இரும்புக் கடைக்காரனிடம் தன் பங்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்த ஆள் அவர். ஆகவே எவன் வாயிலிருந்து "பெருசு" என்ற சொல் வந்தாலும் அங்கே தன் முகம்தான் அவருக்குத் தெரியும்.

"சும்மா பேசிப் பிரயோஜனமில்லை. எட்டையும் இங்கேயே மாட்டிக் காட்டு" என்றார்.

கடைக்காரர் மாட்டினார். பட்டப்பகல். எட்டு ஓட்டைக்கு மேலும் எட்டு பச்சைப் பொட்டு எரிந்தது. சுவரில் இருந்த டிவியில் எட்டுக் கட்டங்களிலும் கடையின் கூரையும் வாஷர்காரரின் வழுக்கையும் தெரிந்தன.

"எரியுதா?"

"எரியுது. இப்ப எரியும்."

"அப்புறம் என்ன? சின்னதைக் கட்டு."

கூட வந்திருந்த மகன் சிரித்தான். "அப்பாகிட்ட வாதாடாதீங்கண்ணே. தண்ணித் தொட்டிக்கே கேமரா வைக்கிறாரு. ஜெயில்ல கூட அது கிடையாது."

சிரிக்கிற விஷயத்துக்கு அவர்கள் கேமரா வாங்க வரவில்லை.

மகள் மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு பையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். "அங்க இருக்க முடியாதும்மா" என்றாள். அவ்வளவுதான். மாப்பிள்ளை சோபா, கட்டில் விற்கிற பெரிய ஷோரூமில் மேனேஜர். குரல் உயர்த்திப் பேசி யாரும் பார்த்ததில்லை. மகனுக்குப் பழைய கூட்டாளி. அவன் சொல்லித்தான் கல்யாணமே நடந்தது. அதனால் அவள் வந்து நின்ற அன்றே மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவனைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒரு ஈயை அடிக்க மாட்டான்" என்றான்.

கொஞ்ச நாள் கழித்து, சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவர் வர்றார். சாயங்காலம் இருட்டுற நேரத்துல சந்துல வந்து நிக்கிறார். பாத்ரூம் ஜன்னல் வழியா என்கிட்டப் பேசுறார்."

மகன் கை கழுவாமலே டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினான். சந்தில் யாருமில்லை. இவர்கள் வீட்டுச் சுவருக்கும் பக்கத்துக் குடோன் சுவருக்கும் நடுவில் ஓடுகிற சந்து அது. ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம், அவ்வளவு அகலம். இரண்டு பக்கமும் திறப்பு. இந்த வீட்டு வாசற்கதவு திறந்தால் வெளிச்சம் சந்து முனையில் விழும். நிற்கிறவன் அதைப் பார்த்துவிட்டு மறுமுனை வழியாகச் சாவகாசமாக நடந்து போய்விடலாம். ஓடக்கூட வேண்டியதில்லை.

"ஒருத்தனும் இல்லை" என்று மகன் திரும்பி வந்தான். "சரி, அப்படி என்னதான் பேசுறான்? சொல்லேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்தது, மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா? பேசியிருந்தா சொல்லியிருப்பா."

ஸ்டேஷனில் இருந்த போலீஸ்காரம்மா தன்மையாகத்தான் பேசினாள். "பொதுச் சந்தும்மா. யார் வேணா நடக்கலாம். அவர்தான் வந்தார், தினமும் வந்தார்னு காட்ட ஏதாவது படம் இருந்தா எடுத்துட்டு வாங்க. கூப்பிட்டு விசாரிச்சிடலாம்."

அதற்குத்தான் கேமரா.

கேமரா என்று முடிவானதும் வாஷர்காரரின் சந்தேகங்களெல்லாம் வரிசையில் வந்து நின்றன. முதலில் குழாய்ச் சாமான் கிடக்கிற பின்பக்க ஷெட்டுக்கு ஒன்று. அங்கே பித்தளை வால்வு காணாமல் போய்க்கொண்டே இருக்கிறது. வாசல் கேட்டுக்கு ஒன்று. கரண்ட் மீட்டருக்கு ஒன்று. மாடிப்படிக்கு, தண்ணித் தொட்டிக்கு, கொல்லைக் கதவுக்கு, முன் அறைக்கு என்று ஏழு ஆயிற்று. மகள் கேட்டது ஒன்றே ஒன்று. சந்துக்கு.

அப்பாவும் மகனும்தான் வயர் இழுத்தார்கள். சுவரில் துளை போடுவது வாஷர்காரருக்குப் பழகின வேலை. எந்தச் செங்கல் பொடியும், எது வெடிக்கும் என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். தூறல் விடாமல் பெய்துகொண்டிருந்ததால் சந்து வேலையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போய்க் கடைசியில் செய்தார்கள். எல்லா வயரும் பாத்ரூமுக்குப் போகிற நடையில், அலமாரியின் மேல்தட்டில் வைத்த அந்தச் சின்னப் பெட்டிக்கு வந்து சேர்ந்தன. ஷெட் வயர் முதல் ஓட்டையில் போயிற்று. சந்து வயர் வந்தபோது எட்டாவதுதான் காலியாக இருந்தது. மாட்டினார்கள். முன் அறை டிவியில் எட்டுக் கட்டமும் தெரிந்தது. சந்தின் ஈரச் சுவர், குடோன் சுவரிலிருந்து வழியும் பாசி, கீழே கிடந்த உடைந்த கல் எல்லாம் துல்லியமாக இருந்தன.

"அப்பாடா" என்றாள் வாஷர்காரரின் வீட்டுக்காரி. மகள் அன்று மத்தியானம் கொஞ்சம் தூங்கினாள்.

அன்று சாயங்காலம் நாலு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். வெளிச்சம் குறையக் குறையக் கட்டங்களில் நிறம் போய், ஒவ்வொன்றாகக் கறுப்பு வெள்ளைக்கு மாறிற்று. முதலில் ஷெட். பிறகு படிக்கட்டு. கொல்லை. கடைசியாகச் சந்தும் வெளுத்துத் தெளிந்தது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது. பிறகு அந்தக் கட்டம் மட்டும் கறுத்துப் போயிற்று.

"என்னாச்சு?" என்றாள் வீட்டுக்காரி.

கொஞ்ச நேரத்தில் படம் திரும்ப வந்தது. வந்து, வெளுத்து, மறுபடி செத்தது. யாரோ உட்கார்ந்துகொண்டு சொருகுவதும் பிடுங்குவதுமாக விளையாடுகிற மாதிரி இருந்தது. காலையில் பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலச் சந்து பளிச்சென்று தெரிந்தது.

அன்று மகள், "இன்னைக்கு வரலை" என்றாள். அடுத்த நாளும் வரவில்லை என்றாள். அதற்கடுத்த நாள் பாத்ரூமிலிருந்து வெளியே வந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வந்தார்" என்றாள்.

மகன் டிவியைக் காட்டினான். கறுப்புக் கட்டம். "எப்படிம்மா? ஏழு கேமரா ஒழுங்கா ஓடுது. நீ சொல்ற இடம் மட்டும், நீ சொல்ற நேரம் பாத்து, இருட்டாயிடுது. அவனுக்கு மந்திரம் தெரியுமா?"

"எனக்குத் தெரியலைண்ணா."

"நான் அவன்கிட்டயே கேட்டேன். ஷோரூம்லதான்டா இருக்கேன், உன் தங்கச்சி நல்லா இருந்தா சரின்னான். வேற ஒரு வார்த்தை பேசலை."

"நீங்க எதுக்கு அவர்கிட்டப் பேசுறீங்க?"

"பேசாம? ரெண்டு பக்கமும் கேக்க வேண்டாமா?"

அவள் உள்ளே போனபின் மகன் அப்பாவிடம் குரலைத் தாழ்த்தினான். "சந்துல ஏறி வயரை வெட்ட முடியாது, வெட்டினா காலையில எப்படி வரும்? பெட்டி நம்ம வீட்டுக்குள்ள இருக்கு. பிடுங்குற கையும் வீட்டுக்குள்ளதான் இருக்கு. நான் வேற எதுவும் சொல்லலை."

"அவ எதுக்குடா பிடுங்கணும்?"

"ஆள் வந்தாத்தானே படம் விழும்? ஆளே வரலைன்னா, கேமரா வேலை செஞ்சா யாருக்கு நஷ்டம்?"

வாஷர்காரர் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஆனால் அந்தப் பேச்சு காதில் தங்கிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் அவர் டிவியைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். வானம் மங்கும்போது அவள் கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். நடைக்குப் போனாள். அலமாரியைத் தாண்டித்தான் பாத்ரூம். லைட் போடுகிற சத்தம். கதவு சாத்துகிற சத்தம். முன் அறையில் எட்டாவது கட்டம் கறுத்தது.

பிறகு குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் கூர்ந்து கேட்டார். மற்றவர்களுக்கு அது தண்ணீர்ச் சத்தம். அவருக்கு அது பேச்சு. குளிக்கிற தண்ணீர் விட்டுவிட்டு விழும்; உடம்பில் பட்டுத் தரையில் சிதறும். இது குழாயிலிருந்து நேராக வாளிக்குப் போயிற்று, வாளி நிரம்பிற்று, நிரம்பி வழிந்து கொண்டே இருந்தது. யாரும் குளிக்கவில்லை. யாரும் துணி அலசவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அவள் சும்மா நிற்கிறாள்.

எதற்கு?

பெற்ற பெண்ணைச் சந்தேகப்படுகிறவன் தனக்குள் ஒரு நியாயம் தேடுவான். 'நான் அவளைச் சந்தேகப்படலை, சந்தேகத்தைத் தீர்த்துக்கிறேன்' என்று அவர் சொல்லிக்கொண்டார். மறுநாள் மத்தியானம், எல்லோரும் அசந்த நேரத்தில், குழாய் மரைக்குச் சுற்றுகிற சணலிலிருந்து மயிர் போல ஒரே ஒரு இழை பிரித்தார். ஸ்டூல் போட்டு ஏறி, எட்டாவது ஓட்டையில் சொருகியிருந்த முனையையும் பக்கத்து முனையையும் சேர்த்து அந்த இழையைச் சுற்றி விட்டார். பிடுங்கினால் அறும். அறுந்தால் தெரியும்.

சாயங்காலம் வந்தது. தூறல் நின்று, புழுக்கம் ஏறியிருந்தது. மகன் இன்னும் பார்சல் ஆபீஸிலிருந்து வரவில்லை. மகள் எழுந்து போனாள். லைட். கதவு. டிவியில் சந்து கறுத்தது. குழாய்ச் சத்தம். வாஷர்காரர் ஓசைப்படாமல் நடைக்குப் போய் ஸ்டூலில் ஏறி, கண்ணைப் பெட்டிக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

இழை அப்படியே இருந்தது. எட்டாவது ஓட்டைக்கு மேல் மட்டும் பச்சைப் பொட்டு இல்லை.

கையால் தடவிப் பார்த்தார். அறவில்லை, நழுவவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கும்போது பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். பச்சை வந்தது. கொஞ்ச நேரம் எரிந்தது. 'டிக்'. போயிற்று. யாரும் தொடவில்லை.

பாத்ரூம் கதவு திறந்தது. மகள் அவரையும் ஸ்டூலையும் பார்த்தாள். பிறகு அவர் விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். எட்டிப் பார்த்து, இழையைக் கண்டாள்.

"இது என்னப்பா?"

"ஒண்ணுமில்லை. வயர் ஆடுது. அதான்..."

"இந்த வீட்டுல சணல் சுத்துற கை யாரோடது?"

அவர் இறங்கினார். இறங்கும்போது ஸ்டூல் ஆடிற்று; அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை உடனே எடுத்துவிட்டாள்.

"அண்ணன் நம்பலைன்னா பரவாயில்லை. அண்ணன் அவரோட கூட்டாளி. நீங்களுமா?"

"நான் நம்பலைன்னு யாரு சொன்னா? நீ குழாயைத் திறந்துவிட்டுட்டு சும்மா நிக்கிற. எனக்குக் காது இல்லையா? குளிக்கலை, எதுவும் இல்லை. எதுக்கு நிக்கிற, சொல்லு."

"சொல்ல முடியாதுப்பா."

"அப்பன்கிட்ட சொல்ல முடியாதது என்ன இருக்கு?"

"அப்பன்கிட்டதான் சொல்ல முடியாது." அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "காத்திருங்க. நூல் அறுந்ததும் சொல்லுங்க, நான் பையை எடுத்துட்டு எங்கேயாவது போயிடுறேன்."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள். அவருக்கு அந்தப் பெட்டியைத் தூக்கித் தரையில் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆத்திரத்தில் மறுபடி ஸ்டூலில் ஏறி, கைக்குக் கிடைத்த முதல் வயரைப் பிடுங்கினார். அது ஷெட் வயர்.

'டிக்'.

எட்டாவது பச்சை வந்தது. அவர் காத்திருந்தார். போகவில்லை. இன்னும் காத்திருந்தார்.

"ஏய், டிவியில சந்து தெரியுதா பாரு!"

"தெரியுதுங்க. ஷெட்டுதான் கறுப்பா இருக்கு."

"பாத்துக்கிட்டே இரு. போகுதான்னு சொல்லு."

"போகலை. நல்லா நிக்குது."

ஷெட் வயரைத் திரும்ப மாட்டினார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரி கத்தினாள்: "சந்து போச்சுங்க!" பிடுங்கினார். "வந்துடுச்சு!"

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். இருட்டில், சுவர்மேல் இருந்த கேமராவின் கண்ணைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் மங்கலாகக் கனன்றன. பகலில் அது இல்லை. கடையிலும் இல்லை. இருட்டினால் ஒவ்வொரு கேமராவும் தனக்கு ஒரு விளக்கு ஏற்றிக்கொள்கிறது. அந்த விளக்குக்கும் கரண்ட் வேண்டும். எட்டும் ஏற்றிக்கொண்டால் பெட்டியில் இருக்கிறது பத்தாது. பத்தாதபோது பெட்டி கடைசி ஆளைக் கழற்றிவிடுகிறது.

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை வீட்டில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்: குழாயை எண்ணாதே, தொட்டியைப் பார் என்று. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் முழுசாகத் திறந்து, கடைசிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமல் அவர் ஒரு லைனையும் ஒப்படைத்ததில்லை. கடையில் பட்டப்பகலில் பார்த்தது எட்டுக் குழாய்தான். எட்டும் பாதி திறந்திருந்தன. பாதி திறந்ததைப் பார்த்துவிட்டு, பெருசைத் தலையில் கட்டுகிறாயா என்று கடைக்காரனைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். பெட்டியின் கஞ்சத்தனத்துக்குப் பெண்ணைக் குற்றவாளியாக்கிச் சணலும் சுற்றியாயிற்று.

மகளின் அறைக்கதவைத் தட்டினார். "கேமரா ஏன் போச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேம்மா. பெட்டி பத்தலை. என் தப்புதான். ஷெட்டைக் கழட்டி விட்டுட்டேன்."

உள்ளேயிருந்து, "சரிப்பா" என்றாள். கதவு திறக்கவில்லை.

மகன் வந்ததும் அவனிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவனோடு பேச வாய் வரவில்லை. காலையில் முதல் வேலையாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் குத்திக் காட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "சின்னதைக் கொண்டு வந்து கொடுத்துடுங்க. பெருசு இருந்த ஒண்ணும் போயிடுச்சு. வந்ததும் ஆளனுப்புறேன்" என்றதோடு சரி.

"அதுவரைக்கும்?"

"எதை இருட்டுல விடலாம்னு நீங்கதான் சொல்லணும் பெரியவரே."

"பித்தளை போனாப் போகட்டும்" என்றார் வாஷர்காரர்.

அன்று சாயங்காலம் மகன் வீட்டில் இருந்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தவன், "என்னப்பா இது, சந்து நிக்குது? எப்ப சரியாச்சு?" என்றான்.

"உக்காரு. பேசாம பாரு."

வீட்டுக்காரி கதவோரம் நின்றாள். மகள் டிவிப் பக்கமே வரவில்லை. அடுப்படியில் நின்று, கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டமாக வெளுத்தது. எட்டாவது கட்டமும் வெளுத்து, நின்றது.

சந்தின் மறுமுனையிலிருந்து ஒரு ஆள் வந்தான். அவசரமில்லாமல் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மடித்த குடை. சுவரோரம் கிடந்த கல்லைக் குனிந்து பார்க்கவில்லை. காலாலேயே தேடி, ஜன்னலுக்கு நேர் கீழே நகர்த்தி, அதன்மேல் ஏறி நின்றான். அந்தக் கால் அதைப் பல தடவை செய்து பழகியிருந்தது. நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான். பார்த்து லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

மகன் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து டீ தொடைமேல் கொட்டிற்று. அவன் அசையவில்லை.

"கட்டையில போறவனே" என்றாள் வீட்டுக்காரி மெல்ல.

வாஷர்காரர் அடுப்படிக்குப் போனார். மகள் பாத்திரத்தை வைத்துவிட்டு நடையைப் பார்த்துக் கிளம்பியிருந்தாள்.

"எங்கம்மா போற?"

"வந்துட்டாரில்ல? நான் போய் லைட் போடணும். நான் நிக்கிறேன்னு அதுதான் அவருக்கு அடையாளம். போடலைன்னா முன்வாசலுக்கு வந்து தெருவுக்கே கேக்குற மாதிரிப் பேசுவேன்னு சொல்லியிருக்கார்."

"இத்தனை நாளா அதுக்குத்தான் போனியா?"

அவள் தலையாட்டினாள்.

"நீ இரு. நான் போடுறேன்."

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். லைட்டைப் போட்டார். ஜன்னல் தலைக்கு மேலே இருந்தது. வெளியே நிற்கிறவனுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"என்னடா கண்ணு, இன்னைக்கு லேட்டு?" குரல் தேன் போல இருந்தது. விருந்துக்கு வந்தபோது "மாமா, நீங்க முதல்ல சாப்பிடுங்க" என்று சொன்ன அதே குரல். "குழாயைத் திற. நம்ம பேச்சு பெரியவர் காதுல விழ வேண்டாம்."

அவர் எட்டிக் குழாயைத் திறந்தார்.

"மேல ஒரு கேமரா கண்ணை மூடிக்கிட்டு நிக்குது பாத்தியா? சாயங்காலமானா செத்துப்போகுதாமே. உங்கண்ணன்தான் சொன்னான். பாவம், அவனுக்கு நீ பொய் சொல்றன்னுதான் நினைப்பு. உங்கப்பாவுக்கும் அப்படித்தானாம். யாரும் உன்னை நம்பலைடா. நான் மட்டும்தான் நம்புறேன்."

பிறகு அவன் மற்றதைச் சொன்னான். நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் திரும்பி வந்தால் முதல் நாள் என்ன செய்வான், இரண்டாம் நாள் என்ன செய்வான் என்று, வீட்டுக்குப் புதிதாக வாங்கப் போகிற சாமானைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னான். நடுவில் ஒரு தடவைகூடக் குரல் ஏறவில்லை. வாஷர்காரருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"கேக்குதாடா? கேக்குதுன்னு சொல்லு."

"கேக்குது மாப்ளே" என்றார் வாஷர்காரர். "சொல்லுங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அந்த நேரத்திலும் வாய் பழக்கத்தில் 'மாப்ளே' என்றுதான் சொல்லிற்று. வெளியே பேச்சு அறுந்தது. கல் புரண்டது. ஈரத்தில் வழுக்கி விழுகிற சத்தம். எழுந்து ஓடுகிற சத்தம். இந்தத் தடவை சாவகாசமாகப் போகவில்லை.

அவர் வெளியே வந்தபோது மூன்று பேரும் முன் அறையில் நின்றிருந்தார்கள்.

"விழுந்து எந்திரிச்சு ஓடிட்டான். எல்லாம் படத்துல இருக்கு" என்றாள் வீட்டுக்காரி. "முகமே நல்லாத் தெரியுது."

மகன் முகம் சாம்பலாக இருந்தது. "வாய் அசையறதுதான் தெரிஞ்சுது. படத்துல சத்தம் இல்லை. என்னப்பா சொன்னான்? ஸ்டேஷன்ல கேப்பாங்க. என்ன சொன்னான், சொல்லுங்க."

வாஷர்காரர் வாயைத் திறந்தார். அவர் வாயில் வராத வார்த்தை என்று தெருவில் எதுவும் இல்லை. கூலித் தகராறில், கடைத்தெருவில், வீட்டுக்காரர்கள் முன்னால் எல்லாம் பேசியிருக்கிறார். இதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. ஆனாலும் மகளை எதிரில் வைத்துக்கொண்டு முதல் சொல்லுக்கே நாக்கு புரளவில்லை.

"சொல்லுங்கப்பா!"

"வரலைடா."

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன். எனக்கு எல்லாம் மனப்பாடம். ஸ்டேஷன்லயும் நான்தானே சொல்லணும்? இங்க ஒரு தடவை சொல்லிப் பழகிக்கிறேன். யாரும் நடுவுல எந்திரிச்சுப் போகாதீங்க. அண்ணா, நீங்களும்தான்."

மகன் தரையில் உட்கார்ந்தான். வீட்டுக்காரி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

மகள் சொல்ல ஆரம்பித்தாள். அவன் குரல் போலவே நிதானமாக, வரிசையாகச் சொன்னாள். இரண்டாவது பேச்சுக்கே வாஷர்காரருக்கு, "போதும்மா, போதும்" என்று நெஞ்சு வரைக்கும் வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி, கடைசி வரைக்கும் கேட்டார்.